கரி தந்த ஊர்: பத்து ஆராங்கின் வரலாறும் வாழ்வும்

ஊரும் பேரும்

பத்து ஆராங் என்னும் பெயரை முதன்முறை செவியுறும் தமிழர் பலர் அதனை எண்ணுப்பெயராகவே கொள்வர். பத்துமலை என்பதைப் பத்து மலைகள் எனப் பொருள் கொள்வோரும் உளர். மலாய் மொழியில் ‘பத்து’ என்பது கல்லைக் குறிக்கும். ‘ஆராங்’ என்பது கரியைக் குறிக்கும். எனவே பத்து ஆராங் என்பதற்குக் கரிக்கல் என்பதே பொருள். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோம்பாக் மாவட்டத்தில், கோலாலம்பூருக்கு வடமேற்கே ரவாங், குவாங் ஆகிய ஊர்களுக்கு அப்பால் இச்சிற்றூர் அமைந்துள்ளது.

இவ்வட்டாரத்துக்கு அதற்கு முன்பும் ஒரு பெயர் இருந்தது. கரி வெட்டத் தொடங்கிய காலத்து ஆவணங்கள் இதனை ‘ரந்தாவ் பாஞ்சாங்’ என்றே குறிக்கின்றன. நீண்ட ஆற்றுநெடுகை என்பது அதன் பொருள். ஆற்றால் அறியப்பட்டதோர் இடம், சில ஆண்டுகளுக்குள் கரியால் அறியப்படலாயிற்று. ஊர்ப்பெயர் மாறும்போது ஊரின் வாழ்வும் மாறிவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்றாகும். அக்கரி இங்கிருந்து வெளியேறுவது நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

கரியும் கம்பெனியும்

1908ஆம் ஆண்டு இப்பகுதிக் காட்டில் மலாய்க்காரர் ஒருவரின் கண்ணில் நிலக்கரி பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அக்காலத்து மலாயா ஈயத்தாலும் இரப்பராலும் செழித்துக்கொண்டிருந்தது. ஈயத்தை உருக்கவும், புகைவண்டிகளை ஓட்டவும், சுரங்க நீரை இறைக்கும் பொறிகளை இயக்கவும் எரிபொருள் வேண்டியிருந்தது. வெட்டிச் சாய்த்த காட்டு விறகும், கப்பலில் வந்திறங்கிய வெளிநாட்டுக் கரியுமே அத்தேவையை நிறைவு செய்தன. உள்நாட்டிலேயே கரி கிடைக்கும் என்னும் செய்தி எத்துணை மதிப்புடையதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அம்மதிப்பை உணர்ந்து செயற்பட்டவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர். இளமை முதலே மலாயாவில் வளர்ந்து, இந்நாட்டு மொழிகளையும் மக்களையும் அறிந்திருந்த வணிகர் அவர். அவரது முயற்சியால் 1913ஆம் ஆண்டு ‘மலாயன் கோலியரிஸ்’ என்னும் நிறுவனம் தோன்றியது. 1915ஆம் ஆண்டு கரி வெட்டும் பணி தொடங்கியது. குவாங் நிலையத்திலிருந்து கிளை இருப்புப்பாதையும் இடப்பட்டது. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் இதே ரஸ்ஸல் ஆவார். மலைச்சரிவில் பசுமையும் மண்ணடியில் கருமையுமாக இருவேறு உலகங்களை ஒரே முதலாளியின் கை படைத்தது. இரண்டிலும் தமிழர் உழைத்தனர். தேயிலைத் தோட்டம் இன்றும் சுற்றுலாப் பயணியர் தேடிச் செல்லும் இடமாக விளங்குகிறது. கரிச்சுரங்க ஊரையோ தேடிச் செல்வோர் சிலரே. ரஸ்ஸல் 1933ஆம் ஆண்டு மறைந்தார். அவர் தொடங்கிய சுரங்கம் அவருக்குப் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் நடைபெற்றது.

முதலாம் உலகப் போரின்போது கப்பற் போக்குவரத்து தடைப்பட்டமை பத்து ஆராங்குக்கு வாய்ப்பாயிற்று. மலாயாவில் வேறு சில இடங்களிலும் கரி தென்பட்டதுண்டு. எனினும் பெருமளவில், நீண்டகாலம் கரி வழங்கிய ஊர் இதுவே. மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே இதன் தலையாய வாடிக்கையாளராக இருந்தது. ஈயம் தோண்டும் கப்பல்களின் கொதிகலன்களில் இக்கரி எரிந்தது. 1927ஆம் ஆண்டு பங்சாரில் இயங்கத் தொடங்கிய மின்நிலையமும் இக்கரியைக் கொண்டே கோலாலம்பூருக்கு ஒளி தந்தது. தலைநகரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்த ஒவ்வோர் இரவிலும் பத்து ஆராங்கின் வியர்வை எரிந்தது எனலாம்.

கரியோடு நில்லாமல் நிறுவனம் வேறு தொழில்களையும் வளர்த்தது. கரிக்கு மேலே கிடந்த களிமண்ணைக் கொண்டு செங்கல் சுட்டனர். சுற்றியிருந்த காட்டு மரங்களைக் கொண்டு ஒட்டுப்பலகை செய்தனர். தொழிலாளர் குடியிருப்பு, மருத்துவமனை, கடைத்தெரு எனத் தன்னளவில் நிறைவுற்றதொரு தொழில்நகரம் காட்டின் நடுவே எழுந்தது. 1940ஆம் ஆண்டு இச்சுரங்கம் ஏழரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கரியை ஈந்தது. அதுவே அதன் உச்சம்.

மண்ணுக்கு அடியில்

பத்து ஆராங்கின் கரி, நில வரலாற்றில் இளமையானது. தொல்லூழிச் சதுப்பு நிலத்தில் மடிந்த தாவரங்கள் மண்ணடியில் அமிழ்ந்து, மூன்றாம் ஊழி எனப்படும் காலத்தில் கரியாயின. இளங்கரி ஆகையால் அதில் ஈரம் மிகுதி. வெயிலும் காற்றும் பட்டால் அது எளிதில் உதிர்ந்து பொடியாகும். அதனினும் கொடிய குணம் ஒன்று அதற்கு உண்டு. காற்றோடு கலந்து தானே சூடேறித் தானே தீப்பற்றிக்கொள்ளும் இயல்புடையது அது. யாரும் கொளுத்தாமலேயே மண்ணடியில் நெருப்பு மூளும்.

இவ்வியல்பே சுரங்கப் பணியின் போக்கை வரையறுத்தது. மேற்பரப்பை ஒட்டிக் கிடந்த கரியை, மேல்மண்ணை அகற்றித் திறந்தவெளியில் தோண்டினர். ஆழத்தில் சாய்ந்து கிடந்த படலங்களைச் சுரங்கவழிகள் அமைத்து வெட்டினர். கூரை இடிந்து விழாதிருக்கக் கரியையே தூண்களாக விட்டுவைப்பது ஒரு முறை. ஆனால் விட்டுவைத்த அத்தூண்களே தீப்பற்றுமாயின் என் செய்வது? ஆதலின் கரி எடுத்த வெற்றிடங்களில் மணலை நீரோடு கலந்து குழாய் வழியே செலுத்தி நிரப்பும் முறை கையாளப்பட்டது. தீ மூண்ட பகுதிகளைச் சுவரெழுப்பி அடைத்தனர். கரியை எடுப்பது பணியின் ஒரு பாதி. எடுத்த இடத்தைக் காப்பது மறுபாதி. வெப்பமும் ஈரமும் தூசியும் நிறைந்த அவ்விருளில் நாள்தோறும் இறங்கி ஏறியவர்களின் உடலே இவ்வுண்மையை முழுமையாக அறிந்திருந்தது.

1915 முதல் 1960 வரையிலான காலத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டன் கரி இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அத்தனை கரி வெளியேறியபின் உள்ளே எஞ்சியது என்ன என்னும் வினா, இன்றைய பத்து ஆராங்கின் வாழ்வோடு நேரடியாகத் தொடர்புடையது. அதனைப் பின்னர்க் காண்போம்.

உழைத்தோர்

சுரங்கத் தொழிலாளருள் சீனரே பெரும்பான்மையினர். அவர்களை நிறுவனம் நேரே அமர்த்தவில்லை. ஒப்பந்தக்காரர் வழியே அமர்த்தியது. ‘கொங்சி’ எனப்படும் பொதுக்கொட்டகைகளில் அவர்கள் தங்கினர். உணவும் இருப்பிடமும் கூலியும் ஒப்பந்தக்காரரின் கையில் இருந்தன. நிறுவனம் தரும் தொகைக்கும் தொழிலாளியின் கையில் விழும் காசுக்கும் இடையே எத்தனையோ கைகள் நீண்டன.

தமிழரும் தெலுங்கரும் உள்ளிட்ட இந்தியத் தொழிலாளரும், மலாய்க்காரரும் இங்கு உழைத்தனர். இரப்பர்த் தோட்டங்களில் கங்காணியின் கீழ் வாழ்ந்த தமிழர்க்குக் கைம்மாற்றுக் கடனும் லயத்து வாழ்வும் புதியன அல்ல. ஆனால் சுரங்க ஊரில் அவர்கள் வேறோர் உலகத்தையும் கண்டனர். தோட்டத்தில் தமிழர் தமிழரோடு மட்டுமே வாழ்ந்தனர். வெளியுலகத்துக்கும் அவர்களுக்கும் இடையே மரங்களின் வரிசை மதிலாக நின்றது. பத்து ஆராங்கிலோ மூவினத்தாரும் ஒரே சங்கொலிக்கு விழித்து, ஒரே கடைத்தெருவில் கடன் சொல்லி, ஒரே புகையைச் சுவாசித்து வாழ்ந்தனர். இன அடிப்படையில் தொழிலைப் பகுத்துவைத்த ஆங்கிலேயர் ஆட்சிக்கு இத்தகைய ஊர்கள் உள்ளூர அச்சமூட்டின. அவ்வச்சம் காரணமற்றது அன்று என்பதை 1937ஆம் ஆண்டு காட்டிற்று.

1937: தொழிலாளர் எழுச்சி

முப்பதுகளின் தொடக்கத்தில் உலகைச் சூழ்ந்த பொருளாதார மந்தம் மலாயாவையும் தாக்கியது. கூலி குறைக்கப்பட்டது, ஆட்கள் குறைக்கப்பட்டனர். பின்னர் ஈயமும் இரப்பரும் விலையேறின. முதலாளியரின் இலாபம் மீண்டது. தொழிலாளரின் கூலி மீளவில்லை. 1936ஆம் ஆண்டு நவம்பரில் பத்து ஆராங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1937ஆம் ஆண்டு மார்ச்சில் அது பேரெழுச்சியாக வெடித்தது. அவ்வேளையில் சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்களிலும் சீனத் தொழிலாளர் கூலி உயர்வு கோரி வேலையை நிறுத்தியிருந்தனர்.

பத்து ஆராங்கில் நிகழ்ந்தது வெறும் கதவடைப்பன்று. ஆயிரக்கணக்கான தொழிலாளர் சுரங்கத்தைத் தம் வயப்படுத்தித் தமக்கெனக் குழு அமைத்து, காவலும் ஒழுங்கும் தாமே நடத்தினர். இதன் பின்னணியில் கம்யூனிஸ்டுக் கட்சியின் அமைப்புத் திறன் இருந்தது என்பது வரலாற்றாசிரியர் ஏற்கும் உண்மை. எனினும் கட்சி மூட்டிய தீ, கூலிக் கொடுமை என்னும் காய்ந்த விறகில்தான் பற்றியது என்பதையும் மறுப்பதற்கில்லை. புகைவண்டிக்கும் மின்நிலையத்துக்கும் கரி செல்லாவிட்டால் கூட்டு மாநிலங்களின் இயக்கமே நின்றுபோகும். ஆகவே அரசு காலந்தாழ்த்தவில்லை. மார்ச்சு 27ஆம் நாள் பெரும் போலீசுப் படை சுரங்கத்துள் புகுந்தது; மலாய்ப் படையினர் துணைநின்றனர். தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், பலர் சிறைப்பட்டனர். மலாயாவின் அந்நாள் போலீசு அதிகாரிகள், தம் ஆட்சி அதுவரை கண்ட கடும் நெருக்கடிகளுள் ஒன்றாக இதனைக் கருதினர்.

அக்காலத்தில் போராட்டத் தலைவர்களான சீனர் சீனாவுக்கு நாடுகடத்தப்படுவது வழக்கமாயிருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் சமமான கூலியும் மதிப்பான நடத்தையும் கோரிப் போராடியபோது, அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். பத்து ஆராங்கில் பயன்பட்ட அதே கருவி கிள்ளானிலும் பயன்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் சீனர் வரலாறு, இந்தியர் வரலாறு எனத் தனித்தனி ஏடுகளில் வைத்துப் படிப்பது நம் வழக்கம். உண்மையில் அவை ஒரே ஏட்டின் அடுத்தடுத்த பக்கங்கள்.

போரும் அவசரகாலமும்

1941ஆம் ஆண்டு இறுதியில் சப்பானியர் மலாயாவுள் புகுந்தனர். அடுத்த மூன்றரை ஆண்டுகள் கரிச்சுரங்கமும் அவர்கள் கைக்கு மாறியது. போர் முடிந்து ஆங்கிலேயர் மீண்டபோது தொழிலாளரின் மனநிலை மாறியிருந்தது. வெல்ல முடியாதவர் என்று எண்ணியிருந்த துரைமார் தோற்றோடியதை அவர்கள் கண்டிருந்தனர். அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் சேர்ந்துகொள்ள, நாடெங்கும் தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன.

1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே பத்து ஆராங் செய்தியில் இடம்பெற்றது. ஆயுதம் தாங்கிய கம்யூனிஸ்டுக் குழுவினர் ஊருள் புகுந்து சற்று நேரம் அதனைத் தம் பிடியில் வைத்திருந்தனர். சிலர் கொல்லப்பட்டனர், சுரங்க இயந்திரங்களும் சேதமுற்றன. அன்று முதல் ஊர் காவலுக்குள் வாழ்ந்தது. சோதனை, ஊரடங்கு, விசாரணை என்பன அன்றாட வாழ்வின் பகுதியாயின. பகலில் அரசுக்கும் இரவில் காட்டுக்கும் விடை சொல்ல வேண்டிய நிலையில் எளிய குடும்பங்கள் இருதலைக் கொள்ளி எறும்பாயின. யாரையும் நம்பி வாய் திறக்கலாகாது என்னும் பாடத்தை ஒரு தலைமுறை முழுவதும் கற்றுக்கொண்டது. இவ்வூரின் வரலாறு போதிய அளவு பேசப்படாமற் போனமைக்கு அப்பாடமும் ஒரு காரணமாகலாம்.

1960

சுரங்கத்தை இறுதியில் வீழ்த்தியவை துப்பாக்கியும் அன்று, வேலைநிறுத்தமும் அன்று. எண்ணெயே அதனை வீழ்த்தியது. ஐம்பதுகளில் இரயில்வே எண்ணெய்க்கும் பின்னர் டீசலுக்கும் மாறத் தொடங்கியது. மின்நிலையங்களும் எண்ணெயை நாடின. ஆழம் செல்லச் செல்லச் செலவு ஏறியது, வாங்குவோரோ குறைந்தனர். 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுரங்கம் மூடப்பட்டது. கரி தீர்ந்து மூடப்பட்டதன்று. வெட்டப்படாத கரி இன்றும் மண்ணடியில் கிடக்கிறது.

அதே 1960ஆம் ஆண்டில் வேறிரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. சூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் இழந்து நின்ற தமிழ்த் தொழிலாளரைக் காக்கத் துன் சம்பந்தனாரின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. தொழிலாளர் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க முடியும் என்பதை அச்சங்கம் காட்டியது. கரிச்சுரங்கத் தொழிலாளர்க்கு அவ்வழி திறக்கவில்லை. மரம் இருந்தால் பால் சுரக்கும். வாங்குவாரற்ற கரியை யார் பங்கு போட்டு வாங்குவர்? தோட்டங்கள் துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த அவ்வேளையில் சுரங்கத்தை விட்டு வெளியேறியவர்க்குத் தோட்டத்திலும் இடம் அரிதாக இருந்தது. இயன்றவர் நகரங்களை நோக்கிச் சென்றனர். இயலாதவரும், ஊரை விட மனமில்லாதவரும் எஞ்சினர்.

இன்றைய பத்து ஆராங்

இன்று பத்து ஆராங், செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லையில் அமைந்த அமைதியானதோர் ஊர். பழைய கடைவீடுகளின் வரிசையும், செங்கற்சூளையின் உயர்ந்த புகைபோக்கியும், செடிகொடி மூடிய கட்டடச் சிதைவுகளும் முன்னைய பெருமையைச் சொல்லி நிற்கின்றன. திறந்தவெளிச் சுரங்கங்கள் இருந்த பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாயின. அவற்றின் கரையில் தூண்டிலோடு அமர்ந்திருப்போர், தாம் அமர்ந்திருப்பது ஒரு சுரங்கத்தின் விளிம்பு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. குவாங்கிலிருந்து வந்த கிளைப்பாதையில் இன்று வண்டி ஓடுவதில்லை. மசூதியும் சீனர் கோயிலும் இந்துக் கோயிலும் ஊரில் உள்ளன. இளையோர் வேலை தேடி ரவாங்குக்கும் கோலாலம்பூருக்கும் செல்கின்றனர். முதியோரே ஊரில் மிகுதி.

சுற்றுப்புறத்தில் புதிய குடியிருப்புகள் பெருகியபோதும் பத்து ஆராங் பெருநகரமாகவில்லை. காரணம் நிலத்தடியில் இருக்கிறது. சுரங்கவழிகள் ஓடிய நிலம் உள்வாங்கக்கூடியது; எதையும் எழுப்புமுன் அடியில் என்ன உள்ளது என்று அறிந்தாக வேண்டும். எடுக்கப்பட்ட கரியின் வெற்றிடம், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மேலே எழும் கட்டடத்தின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. வளர்ச்சி எட்டாதது ஊரார்க்கு இழப்பு. ஆனால் அவ்விழப்பே பழைய தெருவையும் சூளையையும் இடிபடாமற் காத்தது. இன்று ‘பாரம்பரிய நகரம்’ எனச் சுட்டி இவ்வூரைக் காக்க வேண்டும் என்னும் குரல் எழுவதற்கு அதுவே இடந்தந்தது.

காலத்தின் விந்தை இன்னொன்றும் உண்டு. எண்ணெய் வந்து கரியை வீழ்த்திற்று என்று கண்டோம். ஆனால் எண்பதுகளுக்குப் பின் மலேசியா மீண்டும் கரியை நாடியது. இதே சிலாங்கூரின் காப்பார் மின்நிலையத்தில் எரிவது இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரும் கரியாகும். பத்து ஆராங் தோன்றுமுன் இருந்த நிலை அப்படியே திரும்பிவிட்டது. 2044ஆம் ஆண்டுக்குள் கரி மின்நிலையங்களை முற்றாக விலக்குவது என்பது இப்போதைய அரசின் திட்டம். அது நிறைவேறும் நாளில் கரியின் கதை இந்நாட்டில் இரண்டாம் முறை முடிவுறும். அதன் முதல் முடிவை வாழ்ந்து கண்டவர்கள் பத்து ஆராங் மக்கள்.

எழுதப்படாத திணை

தொல்காப்பியர் வகுத்த நிலங்களில் மலையும் காடும் வயலும் கடலும் உண்டு, சுரங்கத்துக்கு இடமில்லை. மலேசியத் தமிழிலக்கியம் தனக்கெனப் புதியதொரு நிலத்தைக் கண்டெடுத்தது. அதுவே இரப்பர்க் காடு. பால்வாளியும் லயமும் கங்காணியும் இல்லாமல் அதன் சிறுகதை வரலாற்றை எழுத இயலாது. தமிழகத்து அகிலனும் ‘பால்மரக் காட்டினிலே’ எனப் பெயரிட்டே இந்நாட்டுத் தமிழர் வாழ்வைப் புதினமாக்கினார். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’ போர்க்காலக் கொடுமையைப் பதிவு செய்தது. ஆனால் மண்ணுக்கு அடியில் இறங்கியவரின் தமிழ், அத்தகைய இடம் பெறவில்லை.

இதனை இலக்கியக் குறையென்று மட்டும் கருதுவதற்கில்லை. 1960ஆம் ஆண்டு சுரங்கம் மூடியபோது இருபது வயதினராய் இருந்தவர்க்கு இன்று எண்பத்தைந்து வயது கடந்துவிட்டது. நிறுவனத்தின் கணக்கேடுகள் டன்னையும் டாலரையும் சொல்லும். போலீசு அறிக்கைகள் கலகத்தைச் சொல்லும். சுரங்கத்தின் சங்கொலிக்கு எழுந்து உலை வைத்த தாயின் காலைப்பொழுதை அவை சொல்லா. கரி படிந்த உடையை வெளுத்தவர், ஊரடங்கின்போது பிள்ளை பெற்றவர், சீன அண்டைவீட்டாரிடம் அவர் மொழியைக் கற்றுக்கொண்டவர் ஆகியோரின் வரலாறு எங்கும் எழுதப்பெறவில்லை. சிலர் நினைவில் மட்டுமே இருக்கிறது. அந்நினைவுக்குச் சொந்தக்காரர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

இலக்கிய வட்டங்கள் கூடிக் கவிதை படிப்பதும் நூல் வெளியிடுவதும் இன்றியமையாதனவே. அவற்றோடு தத்தம் வட்டாரத்து முதியோரை நாடிச் சென்று, அவர் பேசுவதை அவர் பேசும் மொழியிலேயே பதிந்து வைப்பதும் தமிழ்ப்பணியாகும். அதற்கு ஆய்வு நிதியோ அரசாணையோ வேண்டுவதில்லை; ஓய்வான ஒரு பிற்பகலும் பொறுமையான செவியும் போதும். பத்து ஆராங்கின் மண்ணில் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப மணலும் நீரும் பயன்பட்டன. அதன் வரலாற்றில் உள்ள வெற்றிடத்தைச் சொல்லால்தான் நிரப்ப வேண்டும். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே அது நிகழ வேண்டும்.